இரைச்சல் போட்ட விசிறி

ஆப்பிள் நிறுவனம் 1984இல் வெளியிட்ட முதல் மாக்கின்டாஷ் கணிப்பொறியில் விசிறியே கிடையாது. அமைதி கிடைத்தது, உட்புறம் சூடேறியது. 1987இல் வந்த மாக்கின்டாஷ் எஸ்.இ.யில் உருளை வடிவ விசிறி ஒன்றைப் பொருத்தினார்கள். சூடு தணிந்தது, இரைச்சலோ பயன்படுத்துவோரை வாட்டியது. பின்னரே இதழ்கள் கொண்ட சாதாரண விசிறிக்கு மாறினார்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாகாதா?

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் ஏறக்குறையப் பாதியாகும். இரைச்சலோ சுமார் 15 டெசிபெல் இறங்கிவிடும். ஆகவே அகன்ற இதழ்களை மெதுவாகச் சுழற்றுவதே அறிவுடைமை.

பழைய எஸ்.இ.யில் விசிறியை மாற்ற விரும்பும் அன்பர்களே, ஒன்றை மறவாதீர்கள். அதே பெட்டிக்குள்தான் 9 அங்குலப் படக்குழாயும் இருக்கிறது. மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் அதில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். பழகியவர் துணையின்றிப் பெட்டியைத் திறக்காதீர்கள். இரைச்சலுக்கு அஞ்சி விசிறியைக் கழற்றிப் போட்டுவிடவும் வேண்டாம். பழைய சூடு மீண்டும் வந்துவிடும்.