எள்ளலும் வெற்றுப்போலியும்: ஓர் இசைக்காணொளி பற்றிய ஆய்வு

பிறிதொரு படைப்பின் உருவை எடுத்துத் தன் உருவாக்கிக்கொள்ளும் கலைப்படைப்பை எங்ஙனம் மதிப்பிடுவது என்னும் வினா திறனாய்வில் புதியதன்று. மேலைநாட்டில் அவ்வினா 1980களில் எதிர்பாராத ஓரிடத்தினின்று மீண்டும் எழுந்தது. 1981 ஆகஸ்டு முதல் நாளன்று அமெரிக்காவில் எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கப்பெற்றது. மூன்று நான்கு நிமிட அளவினவாகிய இசைக்காணொளிகளை அது இரவுபகலாக ஒளிபரப்பியது. இசைத்தட்டு நிறுவனங்கள் தம் பாடல்கள் விலைபோதற்பொருட்டு எடுப்பித்து அளித்தவை அவை. ஆதலின் விளம்பரமும் கலையும் அவற்றுள் பிரிக்கவொண்ணாதபடி கலந்து நின்றன. பழைய திரைப்படங்களின் சாயல்களை அவை தயக்கமின்றி எடுத்துக்கொண்டன. பின்நவீனத்துவம் பற்றி எழுதிவந்த அறிஞர்க்கு இவை கைமேற் சான்றுகளாயின.

பிரெடரிக் ஜேம்சன் 1983, 1984 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் பகடி வேறு, பாஸ்டிஷ் வேறு எனப் பிரித்துக் காட்டினார். பிறர் நடையை மேற்கொள்ளுதல் இரண்டிற்கும் பொது. பகடியில் எள்ளல் உண்டு. எள்ளப்படுவதற்கு மாறாக நேரிய நெறியொன்று எங்கோ உளது என்னும் நம்பிக்கையும் உண்டு. அவ்விரண்டையும் இழந்தது பாஸ்டிஷ். அதனை ஈண்டு வெற்றுப்போலி எனக் குறிப்போம். ஜேம்சன் பெரிதும் திரைப்படம், கட்டடக்கலை முதலியவற்றைக் கொண்டே பேசினார். பின்நவீனத்துவக் கருத்துகளை இசைக்காணொளிக்கு இயைத்து விரிவாக ஆராய்ந்தவருள் ஈ. ஆன் காப்லன் குறிப்பிடத்தக்கவர். எம்.டி.வி. பற்றிய அவருடைய நூல் 1987இல் வெளிவந்தது.

இச்சொற்கள் இந்நாளில் நம் ஆய்வேடுகளிலும் பெருகியுள்ளன. ஒரு படைப்பு மற்றொன்றை எடுத்தாண்டுள்ளது எனக் காட்டிய அளவிலேயே, ஆகவே இது பின்நவீனத்துவப் படைப்பு என முடிவு கட்டிவிடுகின்றனர். எடுத்தாண்ட படைப்பு யாது, அஃது ஏன் எடுக்கப்பட்டது, எடுத்தபின் என்ன ஆயிற்று என்பன வினவப்படுவதில்லை. என்பால் ஆய்வு செய்த மாணாக்கர் சிலரும் அங்ஙனம் எழுதினர். அவ்வியல்களைத் தடையின்றி ஏற்றுக்கொண்ட குற்றம் எனக்கும் உண்டு. இக்கட்டுரை ஒருவகையில் அதற்குக் கழுவாய். வெற்றுப்போலிக்குச் சான்றாகப் பலரும் சுட்டுதற்கு ஏற்ற காணொளி ஒன்றையே எடுத்துக்கொண்டு, அம்முடிபு நிற்குமா எனக் காண்போம்.

மடோனாவின் ‘மெட்டீரியல் கேர்ள்’ என்னும் பாடல் 1984இல் வெளிவந்த ‘லைக் எ வர்ஜின்’ தொகுப்பில் உள்ளது. அதன் காணொளியை 1985இல் மேரி லாம்பர்ட் என்னும் பெண்மணி இயக்கினார். சிவந்த பின்புலம், படிக்கட்டு, கருநிற மாலையுடை அணிந்த ஆடவர் கூட்டம், நடுவே இளஞ்சிவப்பு ஆடையும் நீண்ட கையுறையும் பூண்ட பொன்னிறக் கூந்தலாள். இவையாவும் 1953இல் ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய ‘ஜென்டில்மென் பிரிஃபர் பிளாண்ட்ஸ்’ என்னும் திரைப்படத்தில் மர்லின் மன்றோ வைரங்களைப் புகழ்ந்து பாடியாடும் காட்சியினின்று எடுக்கப்பட்டவை. எடுத்ததை மறைக்க எவரும் முயன்றிலர்.

மூலம் எனப்படும் அக்காட்சியையே முதற்கண் நோக்குதல் வேண்டும். அத்திரைப்படம் 1949இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறிய இசைநாடகத்தினின்று வந்தது. வைரப்பாட்டை அங்கு முதலிற் பாடியவர் கேரல் சானிங். அந்நாடகமோ அனிதா லூஸ் 1925இல் வெளியிட்ட புதினத்தின் வழிவந்தது. இனித் திரைப்படத்துள் வருவோம். மன்றோ ஏற்ற லோரலை என்னும் பாத்திரம் ஓர் ஆடல்மகள். பாரிசு நகரத்து மேடையொன்றில் அவள் அப்பாட்டைப் பாடுகின்றாள். அவளை மணக்க இசைந்திருந்த செல்வன் அவையில் அமர்ந்திருக்கின்றான். எனவே அது கதைக்குள் நிகழும் ஒரு நடிப்பு. அம்மட்டோடு நில்லாது, பின்னர் வழக்குமன்றக் காட்சியில் அவள் தோழி டோரதி பொன்னிறப் பொய்ம்முடி தரித்து, லோரலையே போல் நடித்து, அதே பாட்டைப் பாடி அவையோரை மயக்குகின்றாள். டோரதியாக வந்தவர் ஜேன் ரஸ்ஸல். பாட்டும் அதன் பகடியும் ஒரே திரைப்படத்தில் அடுத்தடுத்து உள்ளன! லாம்பர்ட் எடுத்துக்கொண்டது கள்ளங்கபடமற்ற மூலமொன்றன்று. தன்னைத்தான் முன்னரே நகைத்துக்கொண்ட காட்சி அது. படியின் படி என்னும் நிலை எம்.டி.வி.யோடு பிறந்தது என்பார், இப்பழைய படத்தை ஒருமுறை முழுதும் காண்பாராக.

காணொளி ஆடலோடு தொடங்கவில்லை. படத்தயாரிப்பாளன் ஒருவன் தனியறையில் அவ்வாடற்காட்சியைத் திரையிற் கண்டு, நடிகைபால் மனம் பறிகொடுக்கின்றான். கீத் கேரடைன் இப்பாத்திரத்தில் நடித்துள்ளார். பரிசுப் பொருளோடு அவளைக் காணச் செல்பவன், விலையுயர்ந்த பரிசுகள் தன்னைக் கவரா என அவள் தொலைபேசியிற் கூறுதலைக் கேட்டுப் பரிசை எறிந்துவிடுகின்றான். பின் எளிய மலர்க்கொத்தோடு வறியவன்போல் வருகின்றான். அவளை அழைத்துச் செல்லும் பழைய சரக்கு வண்டியும் அவனுடையதன்று. வேறொருவனுக்குப் பணம் கொடுத்துப் பெற்றது.

இவ்விடத்தே சிறிது நிற்றல் தகும். பொருளே உலகம் என்கின்றது பாட்டு. அன்று என மறுக்கின்றாள் கதையின் நாயகி. மறுப்பை ஏற்றவன்போல் வறியவனாகும் தயாரிப்பாளனோ அவ்வறுமையையும் விலைகொடுத்தே பெறுகின்றான். சொல்லளவில் வீழ்ந்த பாட்டின் கொள்கை செயலளவில் வென்றுவிடுகின்றது. நகை பிறக்கும் களன்களுள் எள்ளலை ஒன்றாகத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வைத்தார். அது தன்கண் தோன்றுதலும் பிறன்கண் தோன்றுதலும் உண்டு என்பது உரைமரபு. இங்கு இரண்டும் உள. வறுமையை வாடகைக்கு எடுக்கும் செல்வன்மேல் எழுவது பிறன்கண் எள்ளல். தன் பாட்டைத் தன் கதையாலேயே மறுத்துக்கொள்ளும் பாடகியின்பால் தோன்றுவது தன்கண் எள்ளல். இலக்குடைய எள்ளலை வெற்றுப்போலி என்றல் பொருந்துமாறு எங்ஙனம்?

காப்லன் கூறும் ஒன்று இங்கு மறுக்கத்தக்கதன்று. கதையும் ஆடலும் மாறிமாறி வரும்போது இரண்டிற்கும் இடைப்பட்ட எல்லை மங்குகின்றது. கதையிற் காதலிக்கப்படுபவள் பெயரற்ற நடிகையா, மடோனாவா என்பது தெளிவாக இல்லை. உண்மையே. ஆயினும் அம்மயக்கத்தைப் பொருளின்மை எனக் கொள்ளுதற்கு இடமில்லை.

இனி இசை. 1992இல் நூல் வெளியிட்ட ஆண்ட்ரூ குட்வின், பின்நவீனத்துவர் காட்சியைக் கண்டனரேயன்றிப் பாட்டைக் கேட்டிலர் எனக் கடிந்தார். அரங்கேற்றுகாதையில் ஆடலாசான் முதல் யாழாசான் ஈறாக ஒவ்வொருவர் அமைதியையும் இளங்கோவடிகள் தனித்தனியே கூறக் கற்ற நமக்கு, இக்கடிதல் மிகையாகத் தோன்றாது. நைல் ராட்ஜர்ஸ் உருவாக்கிய இப்பாட்டொலியில் மடோனாவின் குரல் மெல்லியதாய், சிறுமி குரல்போல் மேலெழுகின்றது. அதன்கீழ் ஆடவர் குரல்கள், பொறிகள் பேசுமாறுபோல, உலகின் இயல்பைக் கூறும் தொடரை உணர்ச்சியின்றித் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. மன்றோவின் காட்சியில் ஆடவர் நெஞ்சுடைய காதலராய்ச் சூழ்கின்றனர். இங்கு அவர்கள் இயந்திரங்களாய்விட்டனர். 1953இன் ஆடையும் படிக்கட்டும் அப்படியே இருக்க, மாறியது ஒலி. காட்சியை மட்டும் கண்டவர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுதல் இயல்பு. வெற்றுப்போலி என்னும் முடிபு அவ்வாறு பிறந்ததே என்பது என் துணிபு.

ஒரு தடையை மட்டும் என்னால் முற்றும் விடுக்க இயலவில்லை. 1985இல் இதனைக் கண்ட இளைஞருள் மன்றோவின் படத்தை அறியாதார் பலர் இருந்திருத்தல் கூடும். அவர்க்கு மூலமும் இல்லை, எள்ளலும் இல்லை, பளபளப்பே எஞ்சும். ஜேம்சன் கூறிய வெறுமை படைப்பின்கண் இல்லையெனினும் கேட்போர்பால் இருத்தல் கூடும் என ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. பொருள் வேண்டாத நாயகியைக் காட்டிய அக்காணொளிக்குப் பின்னரும், செய்தித்தாள்கள் மடோனாவைப் பொருள்விரும்பியாகவே கண்டு, பாட்டின் தலைப்பையே அவர்க்குச் சிறப்புப்பெயராக்கின. அப்பெயர் இன்றுவரை அவரை விட்டு நீங்கவில்லை.