மைக்கூட்டின் நிறமும் மனிதரின் கரமும்

பழைய வண்ணக் கண்ணாடி மைக்கூடுகளைத் தேடிச் சேர்ப்பது ஒரு நாகரிகமாக வளர்ந்துள்ளது. நீலத்துக்கு ஒரு விலை. பச்சைக்கு ஒரு விலை. தேன் நிறத்துக்கு வேறொரு விலை. அழகை நுகர்வதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆயினும், அவ்வழகு எங்கிருந்து வந்தது என்று கேளாத இரசனை அரைகுறை இரசனையே என்போம்.

நிறத்தையே எடுத்துக்கொள்வோம். கோபால்ட் சேர்த்தாற் கண்ணாடி கடுநீலமாகும். மலிவான மைக்கூட்டின் இளம்பச்சையோ எவரும் விரும்பிச் சேர்த்ததன்று. சுத்திகரிக்கப்படாத மணலில் இருந்த இரும்பின் நிறம் அது. பிரித்தானியாவிற் கண்ணாடி மீதான வரி 1845இல் நீங்கியதும் இத்தகைய கூடுகள் பெருந்தொகையாகப் பிறந்தன. மையோடு ஒரு பென்னிக்கு விற்றன. வாயை முறித்தபடியே விட்டு, விளிம்பைச் செப்பனிடும் கூலியையும் முதலாளி மிச்சம் பிடித்தான். கண்ணாடித் தொழிலிற் சிறுவர் இரவு வேலையில் வதைபட்டதை 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் தொகுதியில் மார்க்ஸ் எடுத்துக்காட்டியுள்ளார். சேகரிப்பாளர் தடவி வியக்கும் அந்தக் கரடுமுரடான விளிம்பு இலாபக் கணக்கின் ஒரு வரியாகும்.

கொட்டியார்க் குடாவுக்குத் தெற்கே, மூதூரை அடுத்த தோப்பூரிலிருந்து நோக்கும் நமக்கு இன்னொன்றும் புலனாகிறது. 1795இல் திருகோணமலையைக் கைப்பற்றிய பிரித்தானியர், அங்கிருந்த கடற்படைத் தளத்தை 1957இலேதான் கையளித்தனர். அந்நெடுங்காலம் ஆட்சி துப்பாக்கியால் மட்டும் நடக்கவில்லை. உறுதி, வரி, தீர்ப்பு என மையினாலும் நடந்தது. எழுத்தறியாதவன் பெருவிரலை ஒற்றினான். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி கலந்து மை காய்ச்சும் அறிவு நம்மவரிடமும் இருந்தது. மாசிக்காயிலிருந்து ஐரோப்பியர் காய்ச்சிய மையும் அதே இரசாயனமே. குறைந்தது அறிவன்று, எழுதும் உரிமையே. 1945இல் இலவசக் கல்வி வந்தபின் அவ்வுரிமை உழவன் பிள்ளைக்கும் மெல்ல மெல்லக் கிட்டியது.

இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதையே தொல்பொருளெனக் கொள்கிறது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். மன்னராட்சியோடு வரலாறும் முடிந்துவிட்டதா? அதன் பின்னர் எழுதக் கற்ற சாமானியரின் பொருள்களைச் சந்தையின் தயவுக்கு விட்டுவிடலாமா?

2006 ஓகஸ்ட்டில் மூதூர், தோப்பூர் மக்கள் போரினால் வீடுவாசலை விட்டுப் பெயர்ந்தனர். இவ்வாறு ஊர் கலைந்த மண்ணில் எஞ்சியுள்ள ஒரு மைப்போத்தலுக்கு விலை பேசுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதில் எழுதுகோல் தோய்த்தவர் யார்?

ஆசிரியர்களும் மாணவர்களும் இக்கேள்வியை ஏற்க வேண்டும். கூடு எந்த வீட்டில் இருந்தது, அதைக் கொண்டு மனு எழுதினரா, கடிதம் எழுதினரா, பாடம் எழுதினரா என்று முதியோரிடம் கேட்டுக் குறித்து, பொருளையும் குறிப்பையும் பாடசாலையிலேயே பேணுவோம். குறிப்பில்லாத கூடு வெறும் கண்ணாடி. குறிப்போடு கூடியதோ, எழுத்தைப் போராடிப் பெற்ற மக்களின் சாட்சியம்.