கூட்டம் சொல்லும் சாட்சி

சென்னையிலிருந்து தெற்கே போகும் இரவுப் பேருந்துகள் விழுப்புரம், விக்கிரவாண்டி வட்டாரத்து நெடுஞ்சாலை உணவகங்களில் நின்று போவது நெடுநாள் வழக்கம். எந்தக் கடையில் நிற்பது என்பதில் பயணிக்குப் பங்கில்லை. ஓட்டுநரும் நடத்துநரும் அங்கே காசு கொடுக்காமல் சாப்பிடுகிறார்கள். அரசுப் பேருந்துகள் தன் கடையில் நிற்பதற்கான உரிமையைக் கடைக்காரர் ஒப்பந்தப்புள்ளி போட்டுப் பணம் கட்டிப் பெறுகிறார். கட்டிய பணம் தோசை விலையில் ஏறுகிறது. நீர்த்த சாம்பார், காய்ந்த பரோட்டா, இருமடங்கு விலை என்று புகார்கள் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கடைக்காரரின் பேராசை என்று மட்டும் சொல்லி இதை விளக்கிவிட முடியாது. அங்கே சாப்பிடுபவர் கடையைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை, நாளை அதே கடைக்கு வரப்போவதும் இல்லை. நல்ல சாம்பார் வைத்தாலும் கெட்ட சாம்பார் வைத்தாலும் அடுத்த பேருந்து வந்தே தீரும் என்றால், நல்ல சாம்பாருக்கான பருப்புச் செலவு வெறும் நட்டம். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கும்போது தரமான பொருளே சந்தையை விட்டு விலகிவிடும் என்று, பழைய கார் விற்பனையை வைத்து ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதினார். அந்த ஆய்வே 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. சுற்றுலாத் தலங்களின் முகப்புத் தெருக்களில் உள்ள உணவகங்கள் பல இதே நோயின் சற்றுத் தணிந்த வடிவம்தான்.

இந்த நோய்க்குப் பயணிகள் கண்டுபிடித்த மருந்து பழையது: ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற கடையில் சாப்பிடு. எளிய விதியாகத் தோன்றினாலும் இதன் அடியில் உள்ள தர்க்கம் வலுவானது. ஒரு தெருவின் இட்லிக் கடைக்குத் தினமும் வரும் நூறு பேர் அந்தக் கடையின் மாவையும் சட்னியையும் ஆயிரம் முறை சோதித்தவர்கள். மாவு ஒருநாள் புளித்துப்போனால் மறுநாள் பாதிப் பேர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள் என்ற அச்சம் கடைக்காரருக்கு உண்டு. வெளியூர்ப் பயணி அந்த நூறு பேரின் நீண்ட அனுபவத்தை ஒரு பார்வையில் கடன் வாங்கிக்கொள்கிறார். இதில் இன்னொரு பயனும் இருக்கிறது. கூட்டம் உள்ள கடையில் பொருள் தேங்குவதில்லை. காலையில் அரைத்த சட்னி காலையிலேயே தீர்கிறது, எண்ணெய் அடிக்கடி மாறுகிறது, இறைச்சி குளிர்பெட்டியில் நாள்கணக்கில் காத்திருப்பதில்லை. வயிற்றுக்கு இது சுவையை விடவும் முக்கியம்.

ஊர்க்காரர் அற்றுப்போன இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வெனிஸ் நகரம் சான்று. 1951-இல் அதன் பழைய தீவு நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. 2018 தொடக்கத்தில் அங்கே நான்கு ஜப்பானிய மாணவர்களிடம் சில மாட்டிறைச்சித் துண்டுகளுக்கும் ஒரு தட்டு பொரித்த மீனுக்குமாக 1,100 யூரோவுக்கு மேல் வாங்கிய செய்தி உலகமெங்கும் பரவியது. பிறகு அதிகாரிகள் சோதனையிட்டு அபராதம் விதித்தார்கள். ஆனால் அபராதம் போட அதிகாரி வரவேண்டிய நிலை வந்ததே ஏன் என்று கேட்க வேண்டும். அந்த வேலையைச் சத்தமில்லாமல் தினமும் செய்யக்கூடிய வாடிக்கையாளர் அந்தத் தெருவில் இல்லை.

இத்தனை வலுவான விதி நடைமுறையில் அடிக்கடி ஏமாற்றுவதற்குக் காரணம், கூட்டத்தைப் பார்க்கிறவர் அது எதற்காகக் கூடியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஊர்க்காரர் ஒரு கடைக்குப் போவதற்குச் சுவை ஒரு காரணம் மட்டுமே. விலை குறைவு, அலுவலகத்துக்குப் பக்கம், மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடலாம், முதலாளி சொந்தக்காரர், அருகிலேயே மதுக்கடை என்று நூறு காரணம் இருக்கும். நீதிமன்ற வாசலிலும் அரசு மருத்துவமனை எதிரிலும் உள்ள கடைகளில் எந்நேரமும் கூட்டம்தான். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலவே வெளியூர்க்காரர்கள், அதுவும் வேறு வழியில்லாமல் வந்தவர்கள். மதுரையில் மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றிய தெருக்களில் தமிழ் பேசுகிற கூட்டத்தைப் பார்த்து 'உள்ளூர்' என்று முடிவுகட்டினால், தூத்துக்குடியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த பக்தர்களின் பின்னால் போய் நிற்போம். கூட்டம் உண்மையான சாட்சிதான். ஆனால் எந்த வழக்குக்குச் சாட்சி என்று தெரியாமல் தீர்ப்பு எழுத முடியாது.

கூட்டத்தைப் பார்ப்பதை விட்டு ஆளைக் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம். ஆனால் நம் ஊர்களில் கேள்வியைப் பொறுத்தே பதில் வரும். "இங்க நல்ல ஓட்டல் எதுங்க?" என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டால், ஊர்ப் பெரியவர் தான் தினம் சாப்பிடும் மெஸ்ஸைச் சொல்வது அரிது. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள குளிரூட்டிய பெரிய உணவகத்தைக் காட்டுவார். விருந்தாளியைச் சிறிய இடத்துக்கு அனுப்புவது தனக்கும் ஊருக்கும் குறைவு என்று அவர் நினைக்கிறார். இது ஏமாற்று அல்ல, மரியாதை. ஆனால் விளைவு ஒன்றுதான். ஆட்டோக்காரரின் பரிந்துரையில் சில ஊர்களில் கடைக்காரர் தரும் கமிஷனும் கலந்திருக்கும். "நீங்க நேத்து ராத்திரி எங்கண்ணே சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் பதிலின் தன்மையே மாறும். கருத்தைக் கேட்பதற்கும் நடத்தையைக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு அது. அதிலும் பூக்கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடைப் பணியாளர்கள் நல்ல சாட்சிகள். வீட்டிலிருந்து சோறு கொண்டுவராத நாளில் சொந்தக் காசு போட்டு அக்கம்பக்கத்தில் சாப்பிடுகிறவர்கள் அவர்கள்.

உள்ளூர் உணவு என்பது உள்ளூர்க் கடையில் கிடைக்கும் என்ற நம்பிக்கையே இந்த வழக்கத்தின் பெரிய பலவீனம். தமிழ்நாட்டின் சிறந்த வட்டாரச் சமையலில் பெரும்பகுதி கடைக்கு வந்ததே இல்லை. காரைக்குடியில் ஒரு குடும்பம் கடையில் வாங்கிச் சாப்பிடுவது பரோட்டாவும் பிரியாணியுமாக இருக்கலாம். கவுனி அரிசியும், அரிசி கழுவிய நீரில் வேகும் வெண்டைக்காய் மண்டியும், வெள்ளைப் பணியாரமும் அவர்கள் வீட்டு அடுப்பில் இருப்பவை. காயல்பட்டினத்தின் களறிச் சாப்பாட்டை அறிய வேண்டுமானால் கல்யாண வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஊர்க்காரர் கூட்டத்தைத் தொடர்ந்து போகிறவர் இவற்றில் எதையும் காணமாட்டார். இவற்றில் சிலவற்றையாவது காசு கொடுத்துச் சாப்பிடக் கிடைக்கும் இடம், சுற்றுலாப் பயணிகளுக்காகவே நடக்கும் இடமாக இருக்கலாம். காரைக்குடியில் 'பங்களா' என்னும் பாரம்பரிய விடுதி, செட்டிநாட்டு வீட்டு விருந்தை வாழையிலையில் பரிமாறியே பெயர் பெற்றது. அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் வெளியூரார், வெளிநாட்டார். அவர்கள் வராவிட்டால் அந்தச் சமையலுக்குப் பொதுவெளியில் ஓர் அடுப்பு குறைந்திருக்கும். பயணி உட்காரும் மேசை என்றாலே பொறி என்று ஒதுக்குகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை மட்டும் வரும் விருந்தாளியை நம்பி நடக்கும் இடம்கூடத் தன் பெயரைப் பணயம் வைத்திருந்தால் அது பொறி ஆகாது.

எனவே "யார் சாப்பிடுகிறார்கள்" என்ற கேள்வியை விட, "இந்தப் பண்டம், இந்த ஊரில், இந்த நேரத்தில், இந்தப் பருவத்தில் இருக்க வேண்டியதுதானா" என்ற கேள்வி பயணிக்கு அதிகம் உதவும் என்று கருதுகிறேன். விருதுநகரின் பொரிச்ச பரோட்டாவை எடுத்துக்கொள்வோம். அகன்ற கல்லில் எண்ணெய் தேங்கப் பொரிவது அது. கல் நன்றாகச் சூடேறி, ஆள்கள் வரிசையாக வரும் மாலைக்குமேல்தான் அது அதுவாக இருக்கும். பகல் பதினொரு மணிக்கு அதையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஊரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கடற்கரை ஊர்களில் காலத்தின் கணக்கு இன்னும் கறாரானது. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நம் பள்ளிகளின் கோடை விடுமுறையும் ஏறக்குறைய அதே நாள்களில்தான் வருகிறது. இராமேசுவரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் குடும்பங்கள் திரண்டு வரும் அந்த வாரங்களில், 'இன்று பிடித்த வஞ்சிரம்' என்று பலகை வைத்திருக்கும் கடையைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. அப்போது கரையோர நாட்டுப்படகுகள் கொண்டுவரும் சின்ன மீன்கள் உண்டு. நகரையோ காரப்பொடியோ குழம்பாக வைத்திருக்கும் சிறு கடை, பெரிய மீனைக் காட்டும் பெரிய கடையை விட நேர்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். புரட்டாசியில் ஆட்டுக்கறி விற்பனை படுத்துவிடும். அந்த மாதச் சனிக்கிழமை மதியத்தில் பிரியாணிக் கடையின் கூட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உணவுப் பட்டியலின் நீளமும் இதே வகைச் சான்றுதான். உதகையிலும் கொடைக்கானலிலும் தோசை முதல் சீன நூடுல்ஸ், பஞ்சாபி பனீர் வரை நூற்றைம்பது பண்டங்கள் போட்ட அட்டையைக் காணலாம். நூற்றைம்பதையும் ஒரு சமையலறை அன்றன்று புதிதாகச் செய்ய இயலாது. இரண்டு மூன்று பொதுக் குழம்புகளை முன்பே காய்ச்சி வைத்து, தாளிப்பை மாற்றித்தான் ஒப்பேற்றுவார்கள்.

ஊரின் பெயரை நம்புவதிலும் எச்சரிக்கை தேவை. நெடுஞ்சாலையோரம் பித்தளை டபரா செட்டை அடுக்கி, கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை மாட்டிய கடைகள் காவிரியைப் பார்க்காத மாவட்டங்களிலும் இருக்கின்றன. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இலும் மணப்பாறை முறுக்குக்கு 2023-இலும் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது பெயர்த் திருட்டைத் தடுக்க உதவும். ஆனால் அது பண்டம் எந்த மண்ணைச் சேர்ந்தது என்பதற்கான சான்றுதான். செய்தவரின் கைப்பக்குவத்துக்கு அது பொறுப்பேற்காது.

இந்தக் கணக்கெல்லாம் இப்போது எதற்கு, கைபேசியில் நட்சத்திரங்களைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்பது வலுவான மறுப்பு. ஒரு பகுதி உண்மையும் அதில் இருக்கிறது. திரும்பி வராத பயணியும் இப்போது கடைக்காரருக்குத் தண்டனை தர முடிகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா 2011-இல் வெளியிட்ட முடிவுப்படி, யெல்ப் என்ற மதிப்புரைத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு உயர்ந்தது. தனிக் கடைகளுக்குத்தான் இந்த ஏற்றம். சங்கிலி உணவகங்களுக்கு இல்லை. சிறிய கடைக்கு இது நல்ல செய்தி. ஆனால் வருமானம் தரும் நட்சத்திரத்தைப் போலியாகச் சம்பாதிக்கவும் வழி உண்டு. 2017-இல் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் இலண்டனில் தன் வீட்டுத் தோட்டக் கொட்டகையை ஓர் உணவகமாகப் பதிவுசெய்து, பொய் மதிப்புரைகளாலேயே அதை டிரிப்அட்வைசர் என்ற மதிப்புரைத் தளத்தில் அந்நகரின் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே அதுவரை ஒருவருக்கும் ஒரு வாய் சோறு போட்டதில்லை. பொய்யே இல்லாத மதிப்புரையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சுற்றுலாத் தெருக் கடைக்கு நட்சத்திரம் போடுகிறவர்களும் பெரும்பாலும் ஒருமுறை வந்துபோனவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு அந்த ஊரில் வேறு சாப்பாடு தெரியாது. ஊர்க்காரர் விதியின் உயிரே பலமுறை சாப்பிட்டவரின் தீர்ப்பில்தான் இருக்கிறது. அதைத்தான் இந்த எண்கள் தொலைத்துவிடுகின்றன.

நல்ல கடையைக் கண்டுபிடித்து ஊருக்கெல்லாம் சொல்வதால் அந்தக் கடைக்கு என்ன ஆகிறது என்பது எனக்கு இதைவிடக் கவலை தரும் கேள்வி. சிங்கப்பூரில் சான் ஹான் மெங் என்பவரின் சோயா சாஸ் கோழிச் சோற்றுக் கடைக்கு 2016-இல் மிஷலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் கிடைத்தது. உலகின் மிக மலிவான நட்சத்திர உணவு என்று பெயர் பரவி, வரிசை நீண்டது, கிளைகள் முளைத்தன. 2021 பட்டியலில் அந்த நட்சத்திரம் இல்லை. ஒன்றால்தான் மற்றொன்று நேர்ந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது பேருக்குச் சமைக்கிற கை திடீரென்று நானூறு பேருக்குச் சமைக்க நேரும்போது ஏதோ ஒன்று விட்டுப்போகும் என்பது அடுப்படி தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. நம் ஊர்களிலும் ஒரு காணொளி வந்த வாரத்திலிருந்து வெளியூர்க் கார்கள் வரிசை கட்டுகின்றன. மதியம் அரை மணி நேர இடைவேளையில் சாப்பிட வந்த தொழிலாளிக்கு இடம் கிடைப்பதில்லை. அவர் வேறு கடைக்குப் போகிறார். அவரோடு அந்தக் கடையின் தினசரிக் காவலும் போய்விடுகிறது. ஊர்க்காரரைத் தேடி வந்த கூட்டம் ஊர்க்காரரை வெளியேற்றுவது இந்த வழக்கத்தின் உள்ளேயே இருக்கும் முரண். அப்படியானால் சொல்லாமல் இருப்பதா என்று கேட்டால், கடைக்காரரின் வருமானத்தைத் தடுக்க நாம் யார் என்பதும் நியாயமான கேள்விதான். ஊர் வேலைக்குப் போகும் உச்ச நேரத்தை விட்டு முன்னேயோ பின்னேயோ போவதும், இருக்கும் பண்டத்தைக் கேட்டு வாங்குவதும், காணொளிக்காகச் சமையல்காரரின் கையை நிறுத்தாமல் இருப்பதும் பயணியால் செய்யக்கூடியவை. அவை போதுமானவை என்று நான் சொல்லவில்லை.

கடைசியாக, இந்த விதியைப் பின்பற்ற எல்லோராலும் இயலாது என்பதை இதைப் போதிப்பவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிறவர் கிராமத்துக் கூரைக்கடையைத் தாண்டிச் சென்று சங்கிலி உணவகத்தில் வண்டியை நிறுத்தினால், அவருக்குச் சுவை தெரியவில்லை என்று எள்ளுகிறார்கள். அவரோடு வரும் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கும், மகளுக்கு மாதவிலக்கு நாளாக இருக்கும். தண்ணீர் வரும், தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை ஒன்று அங்கே இருக்கிறது. ஆண்கள் மட்டுமே தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கும் மெஸ்ஸில் தனியாகப் பயணம் செய்யும் பெண் நுழையத் தயங்குவதை நாக்கின் கூச்சம் என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளூர்க் கடைதான் சிறந்தது என்று நாம் மெய்யாகவே நம்பினால், பேருந்து நிறுத்த ஒப்பந்தத்தில் அதிகப் பணம் கட்டுகிறவருக்கு முதலிடம் தரும் முறையை மாற்றி, விலைக்கும் சுத்தத்துக்கும் பயணிகள் தரும் மதிப்பெண்ணுக்கும் அதில் இடம் கேட்க வேண்டும். சாலையோரச் சிறு கடைகளுக்குப் பொதுவாக ஒரு நல்ல கழிப்பறையை அரசும் ஊராட்சியும் கட்டிப் பராமரிக்க வேண்டும். அது நடக்கும்வரை, அந்தச் சங்கிலி உணவகத்தில் சுமாரான இட்லி சாப்பிடும் குடும்பம் எடுத்திருப்பது நன்கு யோசித்த முடிவுதான்.