ஒக்டோபருக்கு மட்டும் திறக்கும் அலுமாரி

ஒக்டோபர் பிறந்துவிட்டால் பதுளைத் தோட்டப் பாடசாலைகளில் வாசிப்புக்கு விழாக்கோலம்தான். பசறை, லுணுகலை, மடுல்சீமை என்று எந்தப் பக்கம் போனாலும் நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய ஒன்றுதான்: காலைக் கூட்டத்தில் உரை, கட்டுரைப் போட்டி, சுவரொட்டி, வினாவிடை, மாதக் கடைசியில் சான்றிதழ். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையின் முன்னெடுப்பில் 2004 முதல் இம்மாதம் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுகிறது. இருபது வருடம் தாண்டிய இந்த வழக்கத்தை ஒரே ஒரு கேள்வியால் எடைபோடலாம். தரம் மூன்றில் படிக்கும் ஒரு பிள்ளை, யாரும் சொல்லாமல், தானாகப் போய் ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டுகிறதா?

முதலில் இந்த விழாவின் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். 1977க்குப் பிறகுதான் தோட்டப் பள்ளிக்கூடங்கள் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அதற்கு முன் பல இடங்களில் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. அப்படிப்பட்ட வரலாறு உள்ள இடத்தில், கொழுந்து பறிக்கும் தாய்மாரையும் அழைத்து வந்து உட்காரவைத்து, புத்தகத்தை நடுவில் வைத்து ஒரு விழா எடுப்பது சின்ன விஷயமில்லை. ஆசிரியருக்கும் இது ஒரு அனுமதிச் சீட்டு. அந்த ஒரு மாதம் அவர் பாடத்திட்டத்தை ஒதுக்கிவைத்துக் கதை சொன்னால், மேற்பார்வைக்கு வருபவர் ஏன் என்று கேட்கமாட்டார்.

ஆனால் மேடையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைக் கூரையில் நட்டு, வாசிப்பின் பயன்களை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கிறது. எழுதிக் கொடுத்தவர் ஆசிரியர். நடுவில் ஒரு சொல் தவறினால் முதல் வரியிலிருந்து மறுபடியும் தொடங்குகிறது. அந்தப் பிள்ளை இதுவரை ஒரு கதைப் புத்தகத்தையாவது கடைசிப் பக்கம் வரை பார்த்திருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. பரிசும் ஏற்கெனவே தட்டுத்தடங்கலில்லாமல் வாசிக்கும் பிள்ளைக்கே போகிறது. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இடையில் இன்னும் தடுமாறுகிற கடைசி வாங்குப் பிள்ளை, இது நமக்கான காரியமில்லை என்று அன்றைக்கே முடிவுகட்டிவிடுகிறது. இந்த விழாவின் மிகப் பெரிய கேடு இதுதான் என்பேன்.

இனி, ஒக்டோபரில் மட்டும் திறக்கும் பாடசாலைப் புத்தக அலுமாரிக்கு வருவோம். கண்ணாடிக் கதவு, உள்ளே முத்திரை குத்தி இலக்கமிட்ட புத்தகங்கள், கதவில் பூட்டு. அதிபரைக் குறைசொல்வது சுலபம். ஆனால் அந்தப் புத்தகங்கள் அரசாங்கச் சொத்து. வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில் ஒன்று குறைந்தாலும் பொறுப்பாளர்தான் பதில் சொல்லியாக வேண்டும். அவருடைய பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஒக்டோபரில் பின்னேர மழை தவறாது. பிள்ளை தேயிலை மலைக்குள்ளால் நனைந்துகொண்டு இறங்கி லயத்துக்குப் போகவேண்டும். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு பக்கம் ஒழுகும், ஒரு பக்கம் விறகுப் புகை, தம்பி தங்கச்சியின் கை வேறு. புத்தகம் போனபடியே திரும்பி வருவது அபூர்வம். ஆகவே கதவைப் பூட்டிவைப்பதே பத்திரம் என்றாகிவிடுகிறது.

பூட்டை நீக்க வழி இல்லாமலில்லை. தமிழ்நாட்டு அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் மெல்லிய சிறு புத்தகங்களை அச்சிட்டது. ஒரே இருப்பில் முடித்துவிடலாம். முடித்த சந்தோஷமே அடுத்ததை எடுக்கவைக்கும். நம் தோட்டப் பாடசாலைகளுக்கு நன்கொடையாக வரும் பெட்டிகளில் பொது அறிவுக் களஞ்சியமும் பழைய பரீட்சை வினாத்தாள்களும் கனமாகக் கிடக்கின்றன. தரம் இரண்டுப் பிள்ளையால் அவற்றை மடியில் தூக்கிவைக்கவே முடியாது. மெல்லிய, மலிவான புத்தகங்களை வெண்கட்டியைப் போல வைத்துக்கொள்ளலாம். தேய்ந்துபோன வெண்கட்டிக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லையே.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையையும் சொல்லாமல் விட முடியாது. தோட்டத்துப் பிள்ளை பதுளை, பண்டாரவளை நகரப் பாடசாலைக்குள் நுழைய அதுவே வாசல். பெற்றோர் அதை விட்டுக்கொடுக்கமாட்டார்கள். விட்டுக்கொடுக்கச் சொல்ல எனக்கும் மனமில்லை. ஆனால் பந்திக்குக் கீழே கேள்வி என்ற பழக்கம் ஊறிவிட்டால், பிள்ளை கதையில் பதிலை மட்டுமே தேடும். பிரான்சில் பள்ளி ஆசிரியராயிருந்த எழுத்தாளர் தானியல் பெனாக், 1992இல் வந்த தன் நூலில், சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், பதிலுக்கு எதுவும் கேட்காதீர்கள் என்று வாதாடினார். தினமும் ஒரு கால்மணி நேரம், கேள்வியில்லாத கதை. இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

தோட்டத்தில் வாசிப்புப் பண்பாடே இல்லை என்று சலித்துக்கொள்கிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. பெரிய எழுத்துப் புத்தகங்களில் அல்லி அரசாணி மாலையை இரவில் இஸ்தோப்பில் ஒருவர் ராகமிட்டு வாசிக்க, எழுத்தறியாதவர்களும் சுற்றியிருந்து கேட்ட மண் இது. ஹாலி-எல பக்கம் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராயிருந்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப். 2022இல் மறைந்த அவர் பெரும்பாலும் எழுதியது இந்த லயத்து வாழ்க்கையைத்தான், ஆனால் வளர்ந்தவர்களுக்காக. கொழுந்துக் கூடையும் பிள்ளைக் காம்பராவும் வரும் சிறுவர் புத்தகங்களோ மிகக் குறைவு. அப்பாயி சொல்லும் கதைகளை மேல்வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு எழுதவைத்து, எட்டுப் பக்கமாகப் பிரதியெடுத்துத் தைத்தால், சுவரொட்டிப் போட்டிக்குச் செலவாகும் காசிலேயே ஒரு வகுப்புக்குப் போதுமான புத்தகங்கள் சேர்ந்துவிடும்.

வாசிப்பு மாத அறிக்கை வலயக் கல்விப் பணிமனைக்குப் போகும்போது, எத்தனை போட்டி, எத்தனை சான்றிதழ் என்பதோடு இன்னும் இரண்டு கட்டங்கள் வேண்டும்: லயத்துக்குப் போன புத்தகங்கள் எத்தனை, கிழிந்தோ தொலைந்தோ போனவை எத்தனை. இரண்டாவது கட்டத்தில் வரும் புத்தகங்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிட அதிபருக்கு எழுத்திலேயே அனுமதி கொடுக்க வேண்டும்.