செஞ்சிக் காட்டில் காயா

பங்குனிக் கடைசியில் இடியோடு ஒரு மழை விழுந்துவிட்டால் அந்த வாரமே செஞ்சிக்குக் கிளம்பிவிட வேண்டும். அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் காயா உதிர்ந்திருக்கும். ஆவாரம்பூ நமக்காகக் காத்திருக்கும். சரக்கொன்றை வாரக்கணக்கில் தொங்கும். காயா யாருக்காகவும் நிற்பதில்லை. புதர் மொத்தமும் ஒன்றாகப் பூத்து, ஒன்றாக உதிர்ந்து, பாறை இடுக்குகளில் நீலத் தூளாகக் கிடந்து, இரண்டு வெயிலில் கருகிப் போகும். மழை பொய்த்த வருஷத்திலும் பூக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்த வெறி இருக்காது.

புதுச்சேரி சேதராப்பட்டிலிருந்து மயிலம், கூட்டேரிப்பட்டு வழியாகப் போனால் வெயில் ஏறுமுன் கோட்டை வாசலுக்குப் போய்விடலாம். தொழிற்பேட்டைக்கு முதல் ஷிப்டுக்கு வருகிற கூட்டம் எதிரே வரும் நேரத்தில் வண்டியை எடுத்துவிடுவேன். பங்குனி உத்திரத்தை ஒட்டிய நாளென்றால் மயிலம் மலையில் காவடி பார்க்கலாம். அதை நான் திரும்பி வரும்போதுதான் வைத்துக்கொள்வது. காயாவைக் காலையில் பார்க்க வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்த நீலத்தில் ஒரு வெளிறல் வந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் மலை ஏறுகிற பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்களுக்கு மலைப்பூ என்றால் கொடைக்கானல். இன்னும் வசதியிருந்தால் உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு. போய்விட்டு வந்து படம் காட்டுவார்கள். அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலர்ப் பள்ளத்தாக்கு ஆடி ஆவணி மழையில் பூக்கிற இடம், அதை இளவேனில் கணக்கில் சேர்க்க முடியாது. கொடைக்கானல் சாலையோரங்களில் பூத்துக் கிடப்பவற்றில் பல, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. இன்னொரு நண்பர் கோங்குக் கட்சி. இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மஞ்சள் மஞ்சளாகப் பாறைமேல் நிற்கும் கோங்கைப் பார்த்த பிறகு வேறு பூவைப் பார்க்க மனசு வராது என்பார். கோங்கு தொலைவிலிருந்தே கண்ணைப் பிடித்து இழுக்கிற பூ, பேருந்து சன்னலிலிருந்து பார்த்தாலும் போதும். காயாவுக்கு நடந்து போய், குனிந்து, கிளையை விலக்கிப் பார்க்க வேண்டும். நடக்கிறவனுக்கென்றே இருக்கிற பூ அது.

இலை தடித்த கரும்பச்சை. சுற்றிலும் எல்லாம் காய்ந்து சருகாகும் பங்குனியிலும் அந்த இலை வாடுவதில்லை. பூ இலைக்கு மேலே தலை நீட்டாது. இலைக் கக்கத்திலும், இலை போய் மொட்டையான பழைய கிளையின் கணுக்களிலும் குடைக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். முற்றிய, சாம்பல் படிந்த பட்டையிலிருந்து நேராக நீலம் கிளம்புவதைப் பார்க்கத்தான் நான் போகிறேன். ஒரு பூ சுண்டுவிரல் நகத்தளவுகூட வராது. அடிக்கிண்ணம் இளஞ்சிவப்பு, நாலு இதழும் நீலம், நடுவே எட்டுக் கேசரங்கள், அவற்றின் காம்புகளும் நீலம். ஒரே கொத்தில் மூன்று நான்கு சாயல்கள் இருக்கும்: மொட்டில் ஒன்று, விரிந்ததில் ஒன்று, நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று. சிறு தேனீக்கள் மொய்த்துக்கொண்டே இருக்கும். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று அழைத்தவர்கள் இந்தக் கிளைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். கடல் நீலமும் மேக நீலமும் எட்டி நிற்கிற நீலங்கள். இது கைக்கெட்டும் நீலம்.

முல்லைப் பாட்டுகளில் காயா கார்காலத்துப் பூ, நீர் பங்குனியில் பார்ப்பது வேறு ஏதோ செடி என்று ஒரு தமிழ்ப் பேராசிரியர் என்னிடம் வாதிட்டதுண்டு. மழைக்கணக்கு ஊருக்கு ஊர் வேறு. எங்களுக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில், அதற்குப் பிறகு நீண்ட வறட்சி, நடுவில் ஒரு கோடை மழை. செடி அதைப் பார்த்துப் பூக்கிறது, நூலைப் பார்த்து அல்ல. தவிர, கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்குகிற 99 பூக்களில் காயாவும் இருக்கிறது. மலையில் காயா நிற்பதற்கு அவருடைய சாட்சியே எனக்குப் போதும்.

அந்த 99இல் தணக்கமும் உண்டு. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறும்போது வழவழப்பான வெளிர்ப் பட்டையோடு, இலையே இல்லாமல், பாறைக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் மரம் தணக்கு. இரண்டு சிறகு வைத்த அதன் காய் காற்றில் சுழன்று சுழன்று இறங்கும். அதையே பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டால் ஏற்றம் தடைப்படும், தடைப்பட்டால் தப்பில்லை. கீழே காட்டெலுமிச்சையும் களாவும் வெள்ளையாகப் பூத்திருக்கும். வெட்பாலை தன் வெள்ளைக் கொத்துகளை நுனிக்கு நுனி தாங்கி நிற்கும். கள்ளிப் புதர்களுக்கு மேலே பாறை, பாறைக்கு மேலே பாறை. இந்தப் பாறைக் காட்டில்தான் மஞ்சள் தொண்டைச் சின்னான் இருக்கிறது. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளை விட்டு வேறெங்கும் வாழாத, எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிற பறவை. அதைக் காணவென்றே ஊர்விட்டு ஊர் வந்து, கண்ணில் தொலைநோக்கியை ஒட்டிக்கொண்டு நிற்பவர்களிடம் நான் வாய் திறப்பதில்லை. அவர்கள் தேடுவது அவர்களுக்கு, நான் தேடுவது எனக்கு.

கமலக்கண்ணியம்மன் கோயிலைத் தாண்டிய பிறகு படி செங்குத்தாகும். உச்சிக்கு முன்னால் பாறை பிளந்து கிடக்கும் ஆழமான வெட்டையும் அதன்மேல் பாலமும் வரும். பாலத்தைத் தாண்டினால் அரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு. சுமார் 800 அடி உயரம்தான். உயரத்தை வைத்து மலையை மதிப்பவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள். ஆனால் சமவெளியிலிருந்து திடுமென எழுந்த மலைக்கு ஒரு வசதி உண்டு: பார்வையை மறைக்க எதுவும் கிடையாது. எதிரே கிருஷ்ணகிரி, சந்திரகிரி, ராஜகிரியோடு சேர்த்து மூன்று மலைகளையும் முக்கோணமாக வளைத்துப் போகும் மதில், கல்யாண மகாலின் கூம்பு முகடு, செட்டிக்குளம், சக்கரக்குளம். வானம் துலக்கமாக இருந்தால் மேற்கே அண்ணாமலையின் முகடும் தெரியும். அங்கே நின்று எல்லோரும் மதிலைப் பார்ப்பார்கள். நான் மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் அடர்ந்து கிடக்கும் கரும்பச்சையைப் பார்ப்பேன்.

வள்ளுவர் அரணுக்கு நீர், நிலம், மலை, காடு என்று நான்கு சொல்கிறார். செஞ்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். கோனார்கள் கட்டியது, நாயக்கர்கள் விரித்தது, 1677இல் சிவாஜி பிடித்தது, 1690இல் தொடங்கி 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டும் சிவாஜியின் மகன் இராஜாராம் தப்பிப் போனது, 1714இல் தேசிங்கு செத்தது, 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் ஏறியது, 1761இல் ஆங்கிலேயர் வாங்கியது எல்லாம் வழிகாட்டிகளுக்கு மனப்பாடம். அத்தனை படைகளுக்கும் முள்ளும் புதருமாகக் குறுக்கே நின்ற காவற்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 2025 ஜூலையில் மராத்தியப் படைக் கோட்டைகள் 12க்கு யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை செஞ்சி. எனக்கும் பெருமைதான். அந்தப் பெருமையில் காட்டுக்கும் பங்கு கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

சுவர் இடுக்கில் வேர்விடும் அரசும் ஆலும் கல்லைப் பிளக்கும், அவற்றை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் புதர் என்று கண்டதையெல்லாம் ஒரே அரிவாளால் வெட்டுகிற வேகம் வந்துவிட்டால் காயா தாங்காது. மிக மெதுவாக வளரும் மரம் அது, கட்டை இரும்பு மாதிரி கெட்டி. கை தடிமன் வருவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும்.

இந்த உலர் பசுங்காட்டைப் பற்றி எங்கள் ஊரில் அக்கறையோடு பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தென்னிந்தியத் தாவர வரைபடம் போட்டபோது சோழமண்டலக் கரையின் இந்தக் காட்டைத் தனியாகக் கவனித்து எழுதினார்கள். சமவெளியில் இப்போது அது பெரும்பாலும் அய்யனார் கோயில் காடுகளாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. புத்துப்பட்டு மஞ்சினீஸ்வரர் அய்யனார் காட்டுக்குள் போய்ப் பாருங்கள், திரும்பின பக்கமெல்லாம் காயாதான். அங்கே நிழல் அதிகம், பூ நிதானமாக இருக்கும். மலையில் பாறைச் சூட்டுக்கு எதிரே நின்று பூக்கிற காயாவுக்கு உள்ள துடிப்பு அதற்கில்லை என்பது என் தீர்ப்பு.

புதுச்சேரி தன் மாநிலப் பூவாக நாகலிங்கத்தை வைத்திருக்கிறது. வாசனையும் அமைப்பும் அபூர்வம்தான், ஆனால் தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம். என்னைக் கேட்டிருந்தால் காயாவைச் சொல்லியிருப்பேன். செஞ்சி வேங்கடரமணர் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்து வந்த தூண்கள் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. தூணுக்கு இடம் கொடுத்த ஊர், அந்த மலையின் பூவுக்கும் கொடுத்திருக்கலாம்.

பள்ளிக்கூட நாளில் எங்கள் தமிழாசிரியர் பையன்களைக் கூட்டிக்கொண்டு ராஜகிரி ஏறுவார். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, கண்ணில் படுகிற மூன்று செடிக்குப் பெயர் சொன்னால்தான் அடுத்த படி. சொல்லத் தெரியாதவன் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுச் சொல்ல வேண்டும். இப்போது ஏறுகிறவர்கள் எத்தனை நிமிஷத்தில் ஏறினோம் என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். முதுகில் பாட்டுப் பெட்டி, கையில் குரங்குக்குச் சிப்ஸ் பொட்டலம். காட்டெலுமிச்சை வாசத்தை நின்று இழுத்துவிட்டுப் போகிற ஒருவரைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. போன பங்குனியில் அடிவாரத்தில் ஆடு மேய்த்த ஒரு பாட்டி, நான் கிளைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, "காசாம்பூவா பாக்குற தம்பி? பழம் பழுக்கறப்ப வா, கறுப்பா இருக்கும், நாக்கெல்லாம் ஊதாவாயிடும்" என்றார். மலையைத் தெரிந்தவர் பேச்சு அது. அந்தத் தலைமுறை போன பிறகு இந்தப் பூவை யார் எந்தப் பெயரால் கூப்பிடுவார்கள் என்று தெரியவில்லை.

மழை பெய்த வாரத்தில் போங்கள். விடிந்ததும் ஏறிவிடுங்கள், பிற்பகலில் ராஜகிரிக்கு விடமாட்டார்கள், வெயிலும் விடாது. ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் வேண்டும், காலிப் பாட்டிலைத் திரும்ப எடுத்து வாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் மூன்று செடிக்காவது பெயர் சொல்லிக் கொடுங்கள். காயாவைக் கிளையோடு ஒடிக்காதீர்கள், வீடு வருவதற்குள் உதிர்ந்துவிடும்.