தரை டிக்கெட்டும் தரிசனமும்

2024 டிசம்பர் 4 ராத்திரி, ஐதராபாத் சந்தியா தியேட்டரில் 'புஷ்பா 2' படத்தின் சிறப்புக் காட்சி. கதாநாயகன் அல்லு அர்ஜுன் நேரில் வந்தபோது ஏற்பட்ட நெரிசலில் ஒரு பெண் செத்துப்போனார். அவருடைய பிள்ளை ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடினான். 13ஆம் தேதி நடிகர் கைதானார். இடைக்கால ஜாமீன் கிடைத்து மறுநாள் காலையிலேயே வெளியே வந்துவிட்டார். அடுத்த மாதம், 2025 ஜனவரி 8 அன்று, திருப்பதியில் வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்குக் காத்திருந்த கூட்டத்தில் 6 பேர் நசுங்கிச் செத்தார்கள்.

இரண்டைப் பற்றியும் வந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். நான் வாசித்தவற்றில் திருப்பதியில் நின்றவர்கள் 'பக்தர்கள்'. ஐதராபாத்தில் நின்றது 'கும்பல்', 'வெறி', 'பைத்தியம்'. ரெண்டு இடத்திலும் மனுசர்கள் மணிக்கணக்காய்க் கால்கடுக்க நின்றது ஒரு முகத்தைப் பார்க்கத்தான். கோயில் வாசலில் நிற்பது பண்பாடு, தியேட்டர் வாசலில் நிற்பது சீரழிவு என்று யார் பிரித்தது? இதைப் பிரிக்கிற விமர்சனத்துக்கு ஒரு சாதி உண்டு என்பது என் வாதம்.

கோயிலுக்குள் நாம் நுழைவதற்குச் சட்டம் வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் அது வந்தது. வந்தபிறகும் எத்தனை ஊரில் பூட்டு தொங்கியது, தொங்குகிறது என்று நமக்குத் தெரியும். தியேட்டருக்கு அப்படிச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை, டிக்கெட்டுக் காசு போதுமாயிருந்தது. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, காசு தீர்மானித்தது என்று கா. சிவத்தம்பி 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூலில் சொல்கிறார். நம்மில் பலர் இதை மேற்கோள் காட்டிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறோம். நிறுத்தக் கூடாது. தரை, பெஞ்சு, சேர் என்று காசு பிரித்தபோது தரையில் உட்கார்ந்தது யார்? இன்றைக்குத் தரை டிக்கெட்டு விற்கிற தியேட்டர் இல்லை. ஆனால் 'தரை டிக்கெட்' என்ற சொல் வசவாக இன்னும் உயிரோடிருக்கிறது. 'தரை டிக்கெட்டு மாதிரி நடந்துக்காதே' என்று சொல்கிறவன் டிக்கெட்டு விலையைப் பற்றியா பேசுகிறான்?

காசுங்கூடச் செல்லாமல் போன நாளும் உண்டு. 2023 மார்ச் 30, சென்னை கோயம்பேடு ரோகிணி தியேட்டர், 'பத்து தல' முதல் நாள். கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே மறித்தார்கள். அங்கிருந்தவர்கள் அதைப் படம்பிடித்து, ஊரெல்லாம் பார்த்தபிறகு, சின்னப் பிள்ளைகள் இருந்ததால் தணிக்கைச் சான்றிதழ் விதிப்படி நிறுத்தினோம், அப்புறம் உள்ளே விட்டுவிட்டோம் என்று நிர்வாகம் சொன்னது. நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றி அப்போது நாலு மாசங்கூட ஆகவில்லை. சிவத்தம்பி சொன்ன அந்த ஒரே கூரைக்கு ஒரு கதவும் இருக்கிறது, கதவில் ஓர் ஆள் நிற்கிறான், அவன் டிக்கெட்டைப் பார்க்குமுன் ஆளைப் பார்க்கிறான். அவர்களை உள்ளே விடச் சொல்லிக் கேட்டதும் அந்த வாசலில் நின்ற 'கும்பல்'தான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நம் பக்கத்து விமர்சனத்துக்கு வருகிறேன். எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி 1992இல் எம்.எஸ்.எஸ். பாண்டியன் எழுதிய நூல் நமக்குப் பெரிய ஆயுதம். திரையில் மீனவனாகவும் ரிக்‌ஷாக்காரனாகவும் விவசாயியாகவும் வந்தவரின் ஆட்சி அதே ஏழைகளுக்கு என்ன செய்தது என்று கணக்கெடுத்துக் காட்டினார். ஆனால் அந்த வழியில் வந்த நம் எழுத்துக்கள் பலவற்றில் ரசிகன் வெறும் ஏமாந்தவன். திரையை அலசுகிறோம், திரைக்கு வெளியே ராத்திரியெல்லாம் நிற்கிறவனிடம் எதுவும் கேட்பதில்லை.

நான் காலேஜில் படித்த காலத்தில் எங்க சேரி மன்றத்துப் பையன்களோடு விடியற்காலைக் காட்சிகளுக்குப் பலமுறை நின்றிருக்கிறேன். பசை வாளி, பிளக்ஸ் கட்டுகிற சவுக்குக் கம்பு, பால் பாக்கெட்டு, சரவெடி எல்லாம் கூலிக்காசில் வாங்கியது. பையன்கள் பறையடித்தார்கள். அதே பறையை ஊர்த்தெருச் சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று சொன்னதற்காக அவர்களுடைய அப்பன்மார் பட்ட பாடு எனக்குத் தெரியும். தியேட்டர் வாசலில் அடிக்கச் சொல்லி யாரும் ஆள் அனுப்பவில்லை. 'ஏன்டா இப்படிக் கைவலிக்க அடிக்கிற?' என்று கேட்டேன். 'இங்கதாண்ணே யாரும் நிப்பாட்டச் சொல்லல, அடிக்கவும் சொல்லல' என்றான் ஒருத்தன். நடுரோட்டில், போலீசுக்கு முன்னால், சட்டையைக் கழற்றிச் சுழற்றி ஆடுகிற உரிமையை அவனுக்கு வேறு எந்தத் திருவிழா கொடுத்தது?

இதை விடுதலை என்று எழுதிவிட்டு எழுந்துபோக முடியாது. அதே ஊரில் அதே நடிகருக்கு ஊர்த்தெருவில் ஒரு மன்றம், சேரியில் ஒரு மன்றம். பதிவெண் அவர்களுக்கு, கம்பு ஊன்றுகிற வேலை எங்களுக்கு. நடிகர் பக்கத்து நகரத்துக்கு வந்தபோது மாலை போடப் போனவர்கள் பட்டியலில் எங்க பையன் ஒருத்தன்கூட இல்லை. ஆறு மணிநேரம் நின்றார்கள். கார்க் கண்ணாடி கொஞ்சம் இறங்கி ஒரு கை அசைந்தது. காத்திருக்க வைக்கிற உரிமைக்குப் பேர்தான் அதிகாரம். பண்ணையார் வீட்டுப் பின்வாசலில் கூலிக்கு நின்றவனின் பேரன் அந்தக் காத்திருப்பைச் சந்தோசமாகச் செய்யப் பழகியிருக்கிறான். 2023 ஜனவரி 11 அன்று அதே ரோகிணி தியேட்டர் பக்கம் 'துணிவு' படத்தின் நடுராத்திரிக் காட்சிக்கு வந்த 19 வயதுப் பையன், ஓடுகிற லாரிமேல் ஆடி விழுந்து செத்தான். அதற்கப்புறம் அரசு அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதியை நிறுத்தியது. காட்சி நேரத்தை மாற்றலாம். ஒரு முகத்துக்காக உயிரைப் பொருட்படுத்தாத மனசை எந்த உத்தரவு மாற்றும்?

அந்த மனசுக்கு முன்னால் எதை வைக்கிறோம் என்பதில் நமக்கு வேலை இருக்கிறது. 2016 ஜூலை 22இல் 'கபாலி' வந்தபோது சில கம்பெனிகள் லீவே விட்டன. அத்தனை சாதிக்காரனும் ரஜினிக்காகக் காத்திருந்து உள்ளே போனான். பா. ரஞ்சித் அவனுக்குக் காட்டிய முதல் ரஜினி, சிறைக்குள் உட்கார்ந்து ஒய்.பி. சத்யநாராயணாவின் 'மை ஃபாதர் பாலையா'வை வாசித்துக்கொண்டிருக்கிற ரஜினி. ஒரு தெலுங்கு தலித் குடும்பத்தின் வரலாறு அது. விசிலுக்கு நடுவே எத்தனை பேர் அட்டையைக் கவனித்தார்களோ, அதற்கப்புறம் என்னிடம் அந்தப் புத்தகத்தை இரவல் கேட்டு வந்தவர்கள் மூணு பேர், மூணு பேருமே மன்றத்துப் பையன்கள். 2018இல் 'பரியேறும் பெருமாள்' வந்தபோது கட்அவுட்டு வைக்கிற அளவுக்கு நட்சத்திரம் யாருமில்லை. அதற்கும் அவர்கள் போனார்கள், வந்து ராத்திரி முழுக்கப் பேசினார்கள்.

ஆகவே 'சினிமாப் பைத்தியங்கள்' என்று நம் மேடைகளில் நம் பிள்ளைகளைத் திட்டுவதை நிறுத்துவோம். மன்றத்தில் பதிவெண் யார் பேரில் இருக்கிறது, மாலை போடப் போவது யார், கம்பிலிருந்து விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று அவர்களோடு உட்கார்ந்து கேட்போம். அவர்கள் சொல்வதை வாக்குமூலமாக எழுதி வாங்குவோம். திரையைப் பற்றி நம்மிடம் நிறைய எழுத்து இருக்கிறது, வாசலைப் பற்றி இனிமேல்தான் எழுதவேண்டும்.