வாடகைக் கோட்டுக்காரனின் பார்வை

பணக்காரர் வீட்டுக்குள் வெளியாள் ஒருவன் நுழையும் படங்களில் அவன் ஒன்று நீதிபதி, இல்லையென்றால் கொள்ளைக்காரன். ழான் ரெனுவாரின் 'ஆட்ட விதிகள்' (1939) படத்து விமானிக்கு மேட்டுக்குடிப் பாசாங்கு பிடிபடுவதில்லை. அதற்கு விலையாக உயிரையே தருகிறான். 'பிலடெல்பியா ஸ்டோரி'யில் (1940) பத்திரிகையாளர் ஏளனத்தைச் சுமந்துகொண்டே வருகிறார். 'தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி' (1999), 'சால்ட்பர்ன்' (2023) போன்றவற்றில் விருந்தாளி வீட்டுக்காரனின் வாழ்க்கையையே பறித்துக்கொள்ளப் பார்க்கிறான். விட் ஸ்டில்மனின் முதல் படமான 'மெட்ரோபாலிட்டன்' (1990) இந்த இரு வழியிலும் போகவில்லை. இங்கே குற்றக்கூண்டில் நிற்பது வெளியாளின் கண்தான்.

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் கிறிஸ்துமஸ் விடுமுறை. வசதியான வீட்டுப் பெண்கள் சமூகத்துக்கு அறிமுகமாகும் நடன விருந்துகளின் பருவம். விவாகரத்தான தாயோடு நகரின் மேற்குப் பகுதியில் வசிக்கும் டாம் டவுன்செண்ட், ஒரு டாக்சிக் குழப்பத்தால் இந்த இளைஞர் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறான். உடுத்தியிருப்பது வாடகை டக்சிடோ. குளிருக்கு வெறும் மழைக்கோட்டு. தன்னைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூரியேவின் வழிவந்த சோஷலிஸ்ட் என்கிறான், இத்தகைய விருந்துகளைக் கொள்கையளவில் எதிர்க்கிறான், விருந்துகளுக்கும் தவறாமல் வருகிறான். ஜேன் ஆஸ்டினின் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலைக் கூட்டத்துப் பெண்களில் ஒருத்தியான ஆட்ரி கொண்டாட, அவன் அதைக் குறை சொல்கிறான். கடைசியில் பார்த்தால் படித்ததே இல்லை. நல்ல விமர்சனத்தைப் படித்தால் நாவலாசிரியரின் கருத்தும் விமர்சகரின் கருத்தும் சேர்ந்தே கிடைத்துவிடுமாம். படத்தின் ஆகச் சிறந்த நகைச்சுவை இது. என் வாதத்துக்கு முதல் சாட்சியும் இதுவே. மனிதர்களையும் அவன் இப்படித்தான் படிக்கிறான். தன்னைக் கைவிட்ட செரீனாவை நினைத்து உருகுகிறான். அவளுக்கு அவன் எழுதிய கடிதங்களை வாசித்தே அவன்மேல் பிரியம் கொண்ட ஆட்ரி பக்கத்தில் இருப்பது தெரியவில்லை. கூட்டத்தில் இன்னொருவனான நிக் ஸ்மித் இதற்கு நேர்மாறு. திமிர் பிடித்தவன், வான் ஸ்லோனக்கர் என்பவனைத் தூற்றக் கதை கட்டுகிறான். ஆனால் அந்த ஆள் எப்படிப்பட்டவன் என்ற அவனுடைய கணிப்பு பெரும்பாலும் சரிதான். டாமுக்குக் கொள்கை சரி, பார்வை பிசகு; நிக்கிடம் சான்று பொய், தீர்ப்பு மெய்.

டாம் உண்மையில் வெளியாளே அல்லவே என்று ஒருவர் கேட்கலாம். அப்பா பணக்காரர், விவாகரத்துக்குப் பின் அந்தப் பணம் மகனை எட்டவில்லை. அப்பா வீட்டு வாசலில், குப்பையோடு தன் பழைய விளையாட்டுப் பொருட்கள் கிடப்பதை அவன் காணும் காட்சி அதைச் சொல்லிவிடுகிறது. கேள்வி நியாயம்தான். ஆனால் அது படத்தைக் கூர்மையாக்கவே செய்கிறது: வெளியே நிற்பது இங்கே பிறவிக்குணம் அல்ல, ஒரு குடும்பம் முறிந்தால் யாருக்கும் நேரக்கூடியது. டாமின் சோஷலிசத்தில் பாதி இந்தக் காயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு எதிர்ப்பு கனமானது. பணக்காரப் பிள்ளைகளின் மனக்கவலையை இவ்வளவு கனிவோடு காட்ட வேண்டுமா? இவர்களுக்கு உழைக்கிறவர்கள் எங்கே? அந்த இடம் படத்தில் காலிதான். அதை நியாயப்படுத்த முடியாது. தன் அடுக்ககத்தை விற்று, சுமார் 2.25 லட்சம் டாலரில் எடுத்தார் ஸ்டில்மன். பிரம்மாண்ட நடன அரங்குகளுக்கு அது போதாது. படம் பெரும்பாலும் விருந்து முடிந்த பிறகு வரவேற்பறை சோஃபாக்களில் நடப்பதற்கு அந்தச் சிக்கனமும் ஒரு காரணம். உழைப்பாளிகள் இல்லாததற்கு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது. ஆனால் கனிவு என்பது மன்னிப்பு அல்ல. தங்கள் வர்க்கமே வீழ்ச்சிக்கு விதிக்கப்பட்டது என்று அதே கூட்டத்துச் சார்லி ஓயாமல் கோட்பாடு பேசுகிறான். மதுக்கடையில் சந்திக்கும் அதே வர்க்கத்து மூத்தவர் ஒருவர் அப்படியொரு விதி இல்லை என்கிறார். வர்க்க விதி என்ற சாக்கு அத்தோடு பறிபோகிறது. டாமுக்கு ஃபூரியே எதுவோ, அதுவே சார்லிக்கு இந்த வீழ்ச்சி.

இந்தப் படத்தின் திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற ஸ்டில்மன், 2016இல் ஆஸ்டினின் 'லேடி சூசன்' குறுநாவலை 'லவ் அண்ட் பிரெண்ட்ஷிப்' என்று படமாக்கினார். அதிலும் மையத்தில் ஒரு விருந்தாளிதான்: சொந்த வீடில்லாத விதவை, உறவினர் மாளிகைகளில் விருந்தாளியாகத் தங்கித் தங்கியே காலம் தள்ளுகிறாள். அவளிடம் எந்தக் கோட்பாடும் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் யாரிடம் என்ன கறக்கலாம் என்பது மட்டும் அத்துப்படி.